மூன்று ஸ்டட் முறிந்தன, பில் மூன்று மடங்கு

கேள்வி: அப்பா வைத்திருந்த 1965 மோரிஸ் மைனர் இப்போது என்னிடம் இருக்கிறது. சிங்கப்பூரின் கிளாசிக் கார் திட்டத்தில் பதிவானது என்பதால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக, இன்ஜினைக் கிளப்பியதும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம், சூடானதும் குறைந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) இன்ஜினோடு பிடிக்கும் ஸ்டட் (இரு முனையிலும் திருகுமரை உள்ள கம்பி) போய்விட்டது, எல்லாவற்றையும் மாற்ற 280 வெள்ளி ஆகும் என்று பட்டறையில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். மறுநாள் போன் வந்தது. "மூன்று முறிந்துவிட்டது, ஹெட்டையே (இன்ஜினின் மேல்பாகம்) கழற்றணும், 860 ஆகும்" என்கிறார்கள். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? புது ஸ்டட்டை நானே வாங்கித் தரலாமா?
- ஈசூன் வாசகர்

பதில்: இன்னும் 'சரி' என்று சொல்லவில்லையே? சொல்லாதீர்கள். வேலையை இருந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். 280 வெள்ளி என்று முதலில் சொன்னது, 860 என்று பிறகு கேட்டது, நீங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை என்பது, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி இன்றே அனுப்பிவிடுங்கள். சொன்ன மதிப்பீட்டைவிடப் பெரிதும் கூடுதலாக வசூலிப்பது, வாடிக்கையாளர் முன்கூட்டியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற நடைமுறை. தேவையில்லாத பழுதுபார்ப்பைத் தேவை என்று சொல்வதும் அப்படித்தான். ஆனால் இவர்கள் செய்துவிட்டுப் பில்லை நீட்டவில்லை, முன்னதாகவே கேட்டிருக்கிறார்கள். அந்தளவில் முறையாகவே நடந்திருக்கிறார்கள்.

ஸ்டட் முறிந்ததை மட்டும் வைத்துப் பட்டறையைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது வருடமாகச் சூடாகி, ஆறி, மறுபடி சூடான இரும்பு அது. உங்கள் கார் பெரும்பாலும் நிற்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் நட்டும் ஸ்டட்டும் துருவேறி ஒன்றாகிவிடும். ஸ்பேனரைப் போட்டால் நட்டு கழலாது, ஸ்டட்டுதான் திருகிக்கொண்டு முறியும். இது அனுபவமுள்ள எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். தெரிந்தும், 'முறிந்தால் இவ்வளவு' என்று முதல் நாளே சொல்லாததுதான் அவர்களின் தவறு.

ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டுமா என்பதற்குப் பதில், முறிந்த இடத்தில் இருக்கிறது. போட்டோ கேளுங்கள். துண்டு கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகி எடுக்கலாம். வெல்டிங் சூடே துருவின் பிடியை விடுவித்துவிடும். ஸ்பேனரை வைத்தால் 'க்ரீச்' என்று ஒரு சத்தத்தோடு அசைந்து கொடுக்கும். மூன்றும் இப்படி இருந்தால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். ஹெட்டின் மட்டத்தோடோ உள்ளேயோ முறிந்திருந்து, டிரில்லை நேராகப் பிடிக்கவும் இடமில்லை என்றால், கழற்றி மேசைமேல் வைத்துச் செய்வதுதான் சரி. அப்போது கூடுதல் காசு கேட்பது நியாயம்.

ஈசி-அவுட் (முறிந்த துண்டில் ஓட்டை போட்டு, அதற்குள் செலுத்தித் திருகி எடுக்கும் கருவி) போட்டு எடுக்கிறோம் என்று சொன்னால் மட்டும் யோசியுங்கள். என் மைத்துனர் காரில் அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கருவி ஓட்டைக்குள்ளேயே முறிந்தது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் அதில் வழுக்கும். ஒரு ஸ்டட்டில் முடிய வேண்டிய வேலைக்காக ஹெட்டைத் தூக்கிக்கொண்டு லேத் கடைக்கு அலைந்தோம்.

அதனால் புது மதிப்பீட்டை இப்படிக் கேளுங்கள்: வெல்டிங்கில் வந்தால் எவ்வளவு, டிரில் செய்து மரையைச் சீராக்கினால் எவ்வளவு, ஹெட்டைக் கழற்றினால் எவ்வளவு. மூன்றுக்கும் தனித்தனி விலை, எழுத்தில். தர மறுத்தால், இதுவரை செய்த வேலைக்கு நியாயமான கூலியைப் பேசிக் கொடுத்துவிட்டுக் காரை வேறு இடத்துக்கு எடுத்துப் போங்கள். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் பட்டறைக்குக் குறைவில்லை. பழைய பிரிட்டிஷ் காரில் கை வைத்தவரா என்று மட்டும் விசாரியுங்கள். பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம். அதற்குப் பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமல்.

ஸ்டட்டை நீங்களே வாங்குங்கள், நல்லது. விலை அதிகமில்லை. ஆனால் அளவில் கவனம். உங்கள் காருக்கு வேண்டியது 5/16 அங்குல ஸ்டட், அதாவது 7.94 மில்லிமீட்டர். இங்கே கடைகளில் சட்டென்று கிடைப்பது ஜப்பானியக் கார்களுக்கான 8 மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மரைதான் வேறு. ஹெட்டுக்குள் போகும் பக்கம் அங்குலத்துக்கு 18 மரை, நட்டு ஏறும் பக்கம் 24. ஜப்பானிய ஸ்டட்டில் ஏறக்குறைய 20. இரண்டு சுற்று நன்றாகப் போகும், அப்புறம் இறுகும், பலத்தைக் காட்டினால் ஹெட்டின் மரை போய்விடும். அதனால் கழற்றிய பழைய ஸ்டட் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டின் மரையும் பல்லோடு பல் பொருந்தவேண்டும்.

பளபளப்பைப் பார்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்காதீர்கள். ஹெட்டின் வார்ப்பிரும்பைவிட அது சூட்டில் அதிகம் விரியும். ஸ்டெயின்லெஸ் நட்டும் சேர்ந்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். நல்ல எஃகு ஸ்டட், பித்தளை நட்டு, புது கேஸ்கெட் (இடைவெளியில் புகை கசியாமல் அடைக்கும் தகடு) போதும். பித்தளை துருப்பிடிக்காது, அடுத்த முறை நட்டு சுலபமாகக் கழலும். கொஞ்சம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் முன்பு டீலரிடம் ஒரு பழைய டட்சன் வாங்கினேன். மேனிஃபோல்டில் புகை கசிகிறது. 'லெமன் சட்டம்' எனக்கு உதவுமா?
- பிடோக் வாசகி

பதில்: உதவலாம். குறையுள்ள பொருளை விற்றவரே சரிசெய்து தரவேண்டும் என்கிற அந்தச் சட்டம் பழைய காருக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது டீலரின் பொறுப்பு. ஆனால் காரின் வயதையும் நீங்கள் கொடுத்த விலையையும் பார்ப்பார்கள். சாதாரணத் தேய்மானம் என்றால் டீலர் கைவிரித்துவிடலாம். தனியாரிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. கேஸ்கெட் ஓரத்தில் கரிப்படலம் இருந்தால் படம் எடுத்துத் தேதியோடு டீலருக்கு அனுப்பி, முதலில் பழுதுபார்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அதுவரை ஒன்று. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாடையே கிடையாது. காருக்குள் புகை வாடை வந்தால் கூடவே அதுவும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவை அடைக்கும்வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், நீங்களும் ஓட்டாதீர்கள்.