குளிர்விக்காத வெப்பக் கேமரா இயலுமா?

கேள்வி: இருளிலும் உடல் வெப்பத்தைக் கொண்டே உருவத்தைக் காட்டும் உயர்தரக் கேமராக்களின் உணரியைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்விப்பது ஏன்? எலெக்ட்ரானை அடைத்துவைக்கும் நானோமீட்டர் அளவுத் துணுக்குகளான குவாண்டம் புள்ளிகள் வந்தால் அந்தத் தேவை நீங்கிவிடுமா?

பதில்: தேவை பெருமளவு குறையும்; அறவே நீங்கிவிடும் என்பது மிகை.

அறை வெப்பநிலையிலுள்ள பொருள்கள் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டியே மிகுதியாகக் கதிர்வீசுகின்றன. அக்கதிரின் ஒரு போட்டானில் (ஒளித்துகளில்) ஏறத்தாழ 0.12 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலே உண்டு. இவ்வளவு சிறிய ஆற்றலுக்கே இடம்பெயரும் எலெக்ட்ரான், உணரியின் சொந்த வெப்பத்தாலும் இடம்பெயர்ந்துவிடுகிறது. கதிர் எதுவும் விழாதபோதும் இப்படிப் பாயும் மின்னோட்டத்துக்கு இருள் மின்னோட்டம் என்று பெயர். உணரியை 300 கெல்வினிலிருந்து (அறை வெப்பநிலை) 77 கெல்வினுக்கு (திரவ நைட்ரஜன் அளவு) இறக்கினால், எளிய கணக்கின்படியே, இத்தகைய தற்செயல் தாவல்களின் வாய்ப்பு சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. வெற்றிடக் கூடு, குளிர்விக்கும் இயந்திரம், அவற்றின் எடை, மின்செலவு ஆகிய அனைத்தையும் பொறியாளர்கள் பொறுத்துக்கொள்வது இதற்காகத்தான்.

குவாண்டம் புள்ளிகள் உருவாகும் ஒரு வழி இது: காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியின் மேல் இண்டியம் ஆர்சனைடு என்ற இன்னொன்றை மெல்லிய படலமாக வளர்க்கும்போது, இரண்டின் படிக இடைவெளிகளும் சுமார் 7 சதவீதம் வேறுபடுவதால், படலம் அந்த இறுக்கத்தைத் தாங்காமல் சில நானோமீட்டர் உயரத் திட்டுகளாகத் தானே திரண்டுவிடுகிறது. எவரும் செதுக்காமலே உருவாகும் இத்திட்டுகளே குவாண்டம் புள்ளிகள். மூன்று திசையிலும் அடைபட்ட எலெக்ட்ரானுக்கு, அணுவில் இருப்பதுபோலத் தனித்தனி ஆற்றல் மட்டங்களே கிடைக்கின்றன. மட்டங்களுக்கு இடையிலான ஆற்றல் படிக அதிர்வுகளின் ஆற்றலோடு பொருந்தாதபோது, மேலேறிய எலெக்ட்ரான் உடனே கீழே விழாமல் சற்றுத் தங்கும். அதற்குள் அதை மின்னோட்டமாகத் திரட்டிவிடலாம் என்பதே இத்துறையின் பெரிய நம்பிக்கை. மேலும், எலெக்ட்ரானை ஒரே திசையில் மட்டும் அடைக்கும் மெல்லிய அடுக்குகளாலான குவாண்டம் கிணறு உணரிகள் செங்குத்தாக விழும் கதிரை ஏற்பதில்லை. அவற்றுக்குக் கதிரைத் திருப்பும் வரிப்பள்ளங்கள் வேண்டும். புள்ளிகள் அக்கதிரை நேரடியாகவே ஏற்கும்.

ஆனால் திட்டுகள் ஒரே அளவில் அமைவதில்லை. கதிரை உட்கொள்ளும் அளவும் குறைவு. எதிர்பார்த்த பலன் முழுமையாகக் கைகூடாததற்கு இவையே முக்கியக் காரணங்கள். கரைசலில் தயாரித்துச் சிலிக்கான் சில்லின்மேல் பூசக்கூடிய பாதரச டெலூரைடு புள்ளிகள், விலையுயர்ந்த படிக வளர்ப்பையே தவிர்க்க உதவுவதால், அவற்றின்மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.

குளிர்விக்காமலே இயங்கும் மைக்ரோபோலோமீட்டர் கேமராக்கள் இன்றும் உள்ளன. அவை போட்டானை எண்ணுவதில்லை. வனேடியம் ஆக்சைடு போன்ற படலம் சூடேறுவதை அளக்கின்றன. அதற்குச் சில மில்லிநொடிகள் பிடிப்பதால், விரைந்து நகரும் பொருளின் படம் கலங்கும். குவாண்டம் புள்ளி உணரி 200 கெல்வினை ஒட்டி நன்றாக இயங்கினாலே, அசையும் பாகங்கள் இல்லாத சிறிய மின்வெப்பக் குளிர்விப்பான் அதற்குப் போதும்; வேகத்தையும் இழக்க வேண்டியிராது.