காப்ரியேல் ருவா: கேள்வி பதில்

கேள்வி: பிரெஞ்சில் எழுதிய நாவலாசிரியர் காப்ரியேல் ருவா பிரான்ஸ் நாட்டவரா?

பதில்: இல்லை. கனடாவின் மானிட்டோபா மாகாணத்திலுள்ள சான் பொனிஃபாஸ் என்னும் ஊரில் 1909இல் பிறந்தவர். பதினொரு பிள்ளைகளில் கடைசி. புதிதாக வந்த குடியேறிகளை நிலங்களில் அமர்த்தும் அரசுப் பணியிலிருந்த அவருடைய தந்தை, ஓய்வுபெறச் சிறிது காலமே இருந்தபோது வேலையை இழந்ததால், குடும்பம் வறுமையில் வாடியது.

கேள்வி: ஆங்கிலம் மேலோங்கிய மாகாணத்தில் அவருடைய பிரெஞ்சு எப்படிப் பிழைத்தது?

பதில்: 1916இல் மானிட்டோபா அரசு பிரெஞ்சு வழிக் கல்விக்கு முடிவுகட்டியது. ஆனாலும் கன்னியர் நடத்திய பள்ளிகளில் அது கமுக்கமாகத் தொடர்ந்தது. கல்வி ஆய்வாளர் வரும் நாளில் பிரெஞ்சு நூல்கள் மறைந்துவிடும். ஆங்கிலத்திலும் தேர்ந்திருந்த அவர், பிரெஞ்சில் எழுதுவதைப் பின்னாளில் தாமாகவே தேர்ந்துகொண்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: பத்திரிகைத் துறைக்கு எவ்வாறு வந்தார்?

பதில்: எட்டாண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து சேமித்த பணத்துடன், நடிப்புப் பயில 1937இல் ஐரோப்பா சென்றார். நடிப்பு கைகூடவில்லை. போர் நெருங்கிய 1939இல் கனடா திரும்பியவர், தாய் காத்திருந்த ஊருக்குப் போகாமல் மாண்ட்ரியலில் தங்கி, எழுத்தை நம்பி வாழத் துணிந்தார். அவருக்கு நிலையான இடம் தந்தது ‘புல்த்தேன் தே அக்ரிகுல்த்தர்’ என்ற வேளாண் இதழ். உழவர் பத்திரிகைதானே என்று குறைத்து எண்ண வேண்டாம்: உக்ரேனியர், டூக்கபோர், ஹட்டரைட் என்னும் கிறித்தவச் சமயக் குழுவினர் முதலிய குடியேறிகளைப் பற்றி அதில் அவர் எழுதிய கட்டுரைகளில், பின்னாளைய கதைகளின் விதைகள் கிடக்கின்றன.

கேள்வி: முதல் நாவல் ஏன் அவ்வளவு பேசப்பட்டது?

பதில்: 1945இல் வெளிவந்த ‘பொனர் தொக்காசியோன்’, மாண்ட்ரியலின் சான் ஆன்ரி என்னும் தொழிலாளர் பகுதியைக் களமாகக் கொண்டது. ரயில் புகை படிந்த அந்தத் தெருக்களில் நிருபருக்குரிய கூர்மையுடன் நடந்து பார்த்தவர் அவர். வேலையற்ற தந்தை ஒருவர் குடும்பத்துக்குச் சோறு கிடைக்கும் என்பதற்காகவே படையில் சேர்கிறார். ஏழைகளுக்குப் போரே சம்பளமாக வந்த அந்தக் கொடுமையை நாவல் கூச்சலின்றிச் சொல்கிறது. என் பார்வையில் அதன் வலிமை இதுவே. ஆங்கில மொழிபெயர்ப்பை ஓர் அமெரிக்கப் புத்தக மன்றம் தேர்ந்தெடுத்து ஏறத்தாழ 7 லட்சம் பிரதிகள் அச்சிட்டது; 1947இல் பிரான்சின் ஃபெமினா பரிசும் கிடைத்தது.

கேள்வி: அவருடைய வாழ்க்கையை அறிய எதைப் படிக்கலாம்?

பதில்: ஆசிரியப் பணிக்கால அனுபவத்துக்கு 1977இல் வந்த ‘சே ஆன்ஃபான் த மா வி’ (என் வாழ்வின் குழந்தைகள்) என்ற கதை நூல். தன்வரலாறு, அவர் 1983இல் மறைந்ததற்கு அடுத்த ஆண்டுதான் வெளியானது. புகழின் கதையைத் தேடுவோர் ஏமாறுவர். மாண்ட்ரியலில் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கும் கட்டத்தோடு அது நின்றுவிடுகிறது.