பரண்ல கிடைச்ச ஜெர்மன் வாள்

கேள்வி: அண்ணே, தாத்தா வீட்டு பரண்ல ஒரு பழைய வாள் கிடைச்சுச்சு, பிளேடுல ஜோலிங்கன்னு எழுத்து இருக்கு. மதுரையில ஒருத்தர் நூறு வருஷத்துக்கு மேலன்னு சொல்லி வெல கேக்குறாரு, நம்பலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: அவசரப்பட்டு குடுத்துறாதீங்க தம்பி. ஜோலிங்கன் கம்பெனி பேரு இல்ல, சுங்குடிக்கு நம்ம மதுரை மாதிரி கத்திக்கு பேர் போன ஜெர்மன் ஊரு, அந்த பேர டூப்ளிகேட்லயும் அடிச்சுருவாய்ங்க. பிளேடோட முதுகுல, பிடிய ஒட்டி, லென்ஸ் வச்சு பாருங்க, ஒரு கிரீடம், அதுக்கு கீழ டபிள்யூ எழுத்து, அதுக்கும் கீழ 88ன்னு ரெண்டு நம்பர் இருந்தா பிரஷ்ய (அப்போ ஜெர்மனியில இருந்த பெரிய ராஜ்ஜியம்) ராணுவம் 1888ல செக் பண்ணி எடுத்துக்கிட்டதுன்னு அர்த்தம், டபிள்யூ வந்து வில்ஹெல்ம் மன்னரு. ஆனா ஆபீசருங்க சொந்தக் காசுல வாங்குன வாள்ல இது பெரும்பாலும் இருக்காது, அதனால இல்லைன்னா போலின்னு முடிவு கட்டிறாதீங்க. ‘மேட் இன் ஜெர்மனி’ன்னு இருந்துச்சுன்னா அனேகமா 1887க்கு பிந்துனதுதான், வெளிநாட்டு சரக்குல எந்த நாட்டுதுன்னு போடச் சொல்லி அந்த வருஷம் பிரிட்டன் சட்டம் போட்டப்புறம்தான் அந்த வாசகமே பரவுச்சு. அப்புறம் பிடிக்குள்ள, உறைக்குள்ள எல்லாம் ஒரே மாதிரி துரு இருந்தா சந்தேகப்படுங்க, ஆசிட்ல முக்கி பழசாக்குறது ஈசி. முக்கியமா வீட்ல யாரும் குத்துவெளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு தேச்சுறாம பாத்துக்கங்க, பாதி வெல அதுலயே போயிரும்!