வீட்டில் மிகுந்த செடிகளைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: ஊர் மக்களே சேர்ந்து நடத்தும் தாவரவியல் பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்தோடு அடிக்கடி போகிறோம். வீட்டில் மிகுந்துபோன செடிகளை அங்கே கொடுக்க ஆசை. வாங்கிக்கொள்வார்களா? வேறு எப்படி உதவலாம்?

பதில்: நல்ல மனசு. ஆனால் செடியைத் தூக்கிக்கொண்டு போகும் முன் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தொட்டி மண்ணோடு வேர்முடிச்சு நூற்புழு (வேரைத் தாக்கி முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் நுண்புழு) போய்ச் சேரலாம். அது ஒருமுறை நிலத்தில் இறங்கிவிட்டால் முழுதாக ஒழிப்பது மிகக் கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. தாவரவியல் பூங்காவின் உயிர்நாடி அதன் பதிவேடு. ஒவ்வொரு செடியும் எந்த இடத்திலிருந்து, எந்த ஆண்டு வந்தது, விதையாக வந்ததா பதியனாக வந்ததா என்று எழுதி வைப்பார்கள். அடுத்த முறை பெயர்ப்பலகையில் சின்னதாக ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல பூங்காக்களில் அதன் முதல் 4 இலக்கங்கள் செடி வந்த ஆண்டைக் குறிக்கும். பூர்வீகம் தெரிந்த செடிதான் ஆய்வுக்கும், அழியும் நிலையில் உள்ள இனங்களை மீட்கவும் முழுமையாக உதவும். இத்தாலியின் பதுவா நகரில் 1545-இல் தொடங்கிய தோட்டத்தில், 1585-இல் நட்ட குட்டைப் பனை ஒன்று இன்றும் நிற்கிறது. அன்று யாரோ குறித்து வைத்ததால்தான் அதன் வயது நமக்குத் தெரிகிறது.

சரி, எதைக் கொடுக்கலாம்? நேரம். ஒரே நாளில் 50 பேர் வந்து போவதைவிட, மாதாமாதம் தவறாமல் 2 மணி நேரம் வரும் ஒருவர்தான் பெரிய பலம் என்பேன். களை எடுப்பதானாலும் காட்டிய இடத்தில் மட்டும் எடுங்கள். அரிய செடியின் நாற்றும் களை போலவே தெரியும். பணம் கொடுத்தால், இந்த மரத்துக்கு, அந்தப் பெஞ்சுக்கு என்று கட்டுப்போடாமல் கொடுங்கள். மோட்டார் பழுதுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நன்கொடை தர யாருக்கும் தோன்றுவதில்லை. செடிகள் வாடிக் காய்வதோ அவை பழுதாகும்போதுதான்.

பூங்காவுக்குள் போகும் முன் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போங்கள். வேரழுகல் கிருமி அதில் பயணம் செய்யும். மரத்தடியில் படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள். நீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, மிதிபட்டு மண் இறுகினால் அவற்றுக்குக் காற்று கிடைக்காது. கீழே உதிர்ந்த விதையையும் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

அப்புறம், குழந்தைகளுக்கு ஒரு வேலை. ஆளுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். அது எப்போது துளிர்த்தது, பூத்தது, காய்த்தது என்று பலகை எண்ணோடும் தேதியோடும் எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத்தில் கொடுக்கட்டும். பூங்காவின் பதிவேட்டில் அதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.