உடற்பயிற்சியும் வீட்டுப் பழக்கங்களும் தினசரி சந்தோஷத்துக்கு நிஜமாகவே உதவுமா?

பெரிய கவலை ஒன்றும் இல்லை, ஆனால் வேலை, வீடு என்று ஓடுவதில் உற்சாகமே வற்றிப்போய்விட்டது, பழக்கங்களை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரியாகும். ஆனால் உற்சாகம் வந்ததும் நடக்கப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் அது வராது. நடந்த பிறகுதான் வரும். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே இப்படி ஒரு வழி உண்டு: மனநிலை மாறட்டும் என்று காத்திருக்காமல், சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யச் சொல்வார்கள்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. மனச்சோர்வு நோய் இருந்த, 50 வயதைத் தாண்டிய 156 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் கொடுத்தார்கள். மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் சாப்பிடுகிற மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம், அது மருத்துவர் முடிவு.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மிதமான வேகத்தில். பேச முடியும், பாட முடியாது, அதுதான் மிதமான வேகம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதனால் வேகமாக மாடிப்படி ஏறுவதும் மொட்டை மாடியைக் கூட்டிப் பெருக்குவதும்கூடச் சேர்த்திதான். ஆனாலும் காலை வெளிச்சத்தில் வெளியே நடப்பதற்குத்தான் என் ஓட்டு. அந்த வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. ராத்திரி தூக்கம் நேரத்துக்கு வரும். தூக்கம் ஒழுங்கானால் எரிச்சலில் பாதி அடங்கிவிடும்.

அப்புறம் வீடு. எங்கள் வீட்டில் படுக்கும் முன் சிங்க்கைக் காலி செய்துவிடுவோம். பால் காய்ச்சிய பாத்திரத்தை ஏடு காய்வதற்குள் தேய்த்தால் இரண்டு நிமிடம். விட்டுவிட்டால் காலையில் கம்பி நாரால் சுரண்ட வேண்டும். மேடையைத் துடைத்து, ஃபில்டரில் காபித்தூள் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டால், விடியும்போது டிகாஷன் இறங்கியிருக்கும். போன் சார்ஜர் ஹாலில் இருக்கிறது, படுக்கையறையில் இல்லை. இவ்வளவுதான், ஆனால் காலை முதல் அரைமணி நேரம் யாரும் யாரிடமும் சிடுசிடுப்பதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்வேன். இதெல்லாம் ஒருத்தர் தலையில் விழுந்தால் சந்தோஷப் பழக்கம் இல்லை, கூடுதல் சுமை. லாஸ் ஏஞ்சலஸில் வேலைக்குப் போகும் தம்பதிகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. வீடு கலைந்து கிடக்கிறது, வேலை முடியவே இல்லை என்ற ரீதியில் பேசிய பெண்களுக்கு, மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் பொழுது சாயச் சாய இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்தப் பெண்ணிடம் போய் "தினமும் வாக்கிங் போ, மனசு லேசாகும்" என்றால் அவள் எந்த நேரத்தில் போவாள்? எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் என் கணவர் பொறுப்பு, துணி காயப்போடுவது மகன். எனக்குக் காலை நடை கிடைத்தது அதனால்தான்.

எங்கே தொடங்குவது என்றால், நடையில் தொடங்குங்கள், கூடவே வேலைகளைப் பங்கு பிரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டுப்போயிருந்தால், பழக்கத்தை மாற்றிப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். யாரிடம் பேசுவது என்று தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.