முதலில் ரன்வே, அப்புறம் டெர்மினல்

(விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, சேலம் விமான நிலையத்தை விரிவாக்குவது பற்றி வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். தூத்துக்குடியில் கட்டியது போல எங்களுக்கும் பெரிய டெர்மினல் கட்டினால் விமானங்கள் தானாக வந்துவிடாதா?
– வாசகர், ஓமலூர்

வராது. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் திறந்த டெர்மினல் 17,340 சதுர மீட்டர். செய்தியில் எல்லோரும் பார்த்தது அந்தக் கட்டடத்தைத்தான். ஆனால் தூத்துக்குடி நிலையம் இருக்கும் வாகைக்குளத்தின் தலையெழுத்தை மாற்றியது அதற்கு வெளியே வெயிலில் கிடக்கும் ரன்வே. முன்பு அது 1,350 மீட்டர்தான். எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் எதிர்பார்க்க முடியாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, அகலத்தையும் 30 மீட்டரிலிருந்து 45 ஆக்கியிருக்கிறார்கள். 180 பேர் ஏறும் ஏர்பஸ் வர வழி பிறந்தது அதனால்தான்.

சேலம் நிலையம் இருக்கும் உங்கள் கமலாபுரத்தில் ரன்வே 1,806 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் காற்று மெலியும். வெயில் ஏறினால் இன்னும் மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, இன்ஜினுக்கும் தெம்பு குறைவு. மேலே கிளம்ப அதிக தூரம் ஓடவேண்டும். காலை ஏழு மணிக்குத் தாராளமாக இருக்கும் ரன்வே, சித்திரை மத்தியானத்தில் போதாமல் போவது இப்படித்தான். அப்போது எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தென் மாவட்டத்து நிலையம் ஒன்றில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மே மாதம், பகல் இரண்டரை மணி. ஷிஃப்ட் முடிந்து டவரிலிருந்து இறங்கி வருகிறேன். விமானத்தின் வயிற்றிலிருந்து ஏழெட்டுப் பைகளை எடுத்துத் தள்ளுவண்டியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட ஒரு பையின் ஜிப் பிய்ந்து, நூல் கயிற்றால் கட்டியிருந்தது. அதற்குள் எவர்சில்வர் தூக்கு. ஒரு பெரியவர் மகளின் வளைகாப்புக்குக் கொண்டுபோன அதிரசம் அதில் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. வளைகாப்பு மறுநாள் காலை. பை போய்ச் சேர்ந்தது மறுநாள் ராத்திரி. யார் செய்த தப்பும் இல்லை, ரன்வே சின்னது. விரிவாக்கம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூக்குதான் ஞாபகம் வருகிறது.

சேலத்தில் 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேவை தொடங்கியது. 2021இல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. இனி அது நிலைத்து நிற்கவேண்டுமானால் வரிசை இதுதான்: ரன்வே, ராத்திரி இறங்க விளக்கு, மூடுபனியில் வழிகாட்டும் கருவிகள். டெர்மினல் அப்புறம் வரட்டும்.

கேள்வி: இருப்பதை ஒட்டுப்போடுவதற்குப் பதில் வேறு இடத்தில் புதிதாகவே கட்டிவிட்டால் என்ன?
– வாசகி, தருமபுரி

சில ஊர்களுக்கு அதுதான் சரி. ராஜ்கோட்டில் பழைய நிலையம் ஊருக்கு நடுவே மாட்டிக்கொண்டது, நீட்ட இடமில்லை. 2023இல் ஹிராசர் என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டர் ரன்வேயோடு புதிதாகத் திறந்தார்கள். ஆனால் புது இடம் என்பதாலேயே பிரச்சினை தீராது. சிக்கிமில் மலையைச் செதுக்கி 2018இல் பாக்யோங் நிலையத்தைத் திறந்தார்கள். மேகம் இறங்கிச் சேவை பலமுறை நின்றது. ஓர் இடத்தின் காற்றையும் பனியையும் வருடக்கணக்கில் குறித்து வைத்துப் பார்க்காமல் அடிக்கல் நடக்கூடாது. கமலாபுரத்தைச் சுற்றி இன்னும் வெட்டவெளி இருக்கிறது. அதை விட்டு ஓடவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ரன்வே அகலம் 45 மீட்டர்தானே? எதற்கு இவ்வளவு நிலம் கேட்கிறார்கள்? எங்கள் கிணறு போய்விடுமோ என்று தூக்கமில்லை.
– விவசாயி, காடையாம்பட்டி வட்டம்

நியாயமான கேள்வி. பெரிய விமானம் கருவி உதவியோடு இறங்கும் ரன்வேக்கு நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 140 மீட்டர் சமதளம் வேண்டும். இரண்டு முனையிலும் விமானம் தாண்டி ஓடினால் தாங்க 240 மீட்டர் விடச்சொல்கிறார்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 2010இல் மங்களூரில் ரன்வேயைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த விமானத்தில் 158 பேர் இறந்துபோனார்கள்.

ஆனால் நீளத்தைப் பற்றி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். உள்நாட்டில் பறக்கும் ஏர்பஸ்ஸுக்குச் சுமார் 2,500 மீட்டர் போதும் என்பது என் கணிப்பு. எல்லா ஊருக்கும் மூன்று கிலோமீட்டர் தேவையில்லை. மிச்ச ஐந்நூறு மீட்டரில் எத்தனை கிணறு, எத்தனை தென்னை! கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து, எந்த விமானத்துக்காக இந்த அளவு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரைபடத்தைக் காட்டினால் உங்கள் சர்வே எண் கோட்டுக்கு உள்ளே வருகிறதா, வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் ஒரு நகலை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். ஸ்கேலை வைத்து அளந்து அடுத்த இதழிலேயே சொல்கிறேன்.