லினக்ஸ் மின்ட் 22க்கு மாறியதும் லேசர்ஜெட் 1020 பிரிண்டர் அடிக்க மறுக்கிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டது இது: மின்ட் 21 இருந்தவரை எச்பி லேசர்ஜெட் 1020 ஒழுங்காக அடித்தது. 22க்கு அப்கிரேடு செய்த பிறகு, கொடுத்த பிரிண்ட் வரிசையில் போய் நின்றுவிடுகிறது, சில நேரம் 'ஃபில்டர் ஃபெயில்ட்' என்று வருகிறது. பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தும் பயனில்லை. விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்த மாடலை லினக்ஸில் நன்றாகவே ஓட்டலாம். நீக்குவதும் சேர்ப்பதுமாக இருந்தால் கோளாறு எங்கே என்று கடைசி வரை தெரியாது என்பதுதான் என் கவலை. நீங்கள் பிரிண்ட் கொடுத்ததும் கோப்பு முதலில் கப்ஸ் என்ற மென்பொருளிடம் போகிறது (1999இல் வெளிவந்தது, மேக் கணினிகளிலும் இதுதான் இருக்கிறது). கப்ஸ் அதை வரிசையில் வைக்கும். பிறகு ஃபில்டர் அதைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும். கடைசியாக யூஎஸ்பி வழியே அனுப்பப்படும். இந்த வழியில் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பிடிக்க வேண்டும்.

கேபிளைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் லேசர்ஜெட் 1020 இருந்தால் கேபிள் சரி. இல்லையென்றால், இடையில் யூஎஸ்பி ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டு நேரே கணினியில் செருகிப் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுக்க ஃபில்டர் மீதுதான். 1020 தன் ஃபர்ம்வேரை (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) தனக்குள் வைத்துக்கொள்ளாத பிரிண்டர். ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் இந்த வேலையை எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஃபர்ம்வேர் திறந்த மூலம் இல்லை என்பதால் எச்பிலிப்போடு சேர்ந்து வராது, தனி பிளகினாக (கூடுதல் துணைத் தொகுப்பாக) இறக்க வேண்டும். அந்தப் பிளகினின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மின்ட் 21இல் இருந்தது எச்பிலிப் 3.21.12, 22இல் வருவது 3.23.12. அப்கிரேடில் எச்பிலிப் புதிதாகிவிட்டது, பிளகின் பழையதாகவே நின்றுவிட்டது. பிரிண்டரை எத்தனை முறை நீக்கிச் சேர்த்தாலும் பிளகின் மாறாது, அதனால்தான் பயனில்லை.

இணைய இணைப்போடு டெர்மினலில் எச்பி-பிளகின் (hp-plugin) என்ற கட்டளையைக் கொடுங்கள். பதிப்புக்கு ஏற்ற பிளகினை அதுவே இறக்கி நிறுவும், பாஸ்வேர்டு கேட்கும். முடிந்ததும் பிரிண்டரை அணைத்து மறுபடி போடுங்கள். பழைய குறிப்பு எதையாவது பார்த்து ஃபூ2இசட்ஜெஎஸ் (foo2zjs) டிரைவரையும் நிறுவியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அதுவும் இதே ஃபர்ம்வேரை அனுப்பப் பார்க்கும், இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

இதற்குப் பிறகும் அடிக்கவில்லையென்றால் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியை 631 என்ற போர்ட் எண்ணோடு (localhost:631) திறங்கள். கப்ஸின் சொந்தப் பக்கம் வரும். பிரிண்டர் 'பாஸ்ட்' (Paused, நிறுத்தி வைக்கப்பட்டது) என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு ஜாப் (பிரிண்ட் வேலை) தோற்றதும் வரிசை முழுவதையும் நிறுத்திவிடும்படி அமைப்பு இருக்கலாம். அப்படி நின்றுவிட்டால், கோளாறைச் சரிசெய்த பிறகும் பிரிண்ட் வராது, நாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம். மெயின்டெனன்ஸ் பட்டியலில் ரெஸ்யூம் பிரிண்டர் கொடுத்து, தேங்கிய ஜாப்களை ரத்து செய்துவிட்டு, அங்கேயே டெஸ்ட் பேஜ் அடியுங்கள். எரர் பாலிசியை (பிழை வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) ரீட்ரை-ஜாப் (retry-job) என்று மாற்றிவிட்டால் இனிமேல் இப்படி நிற்காது.

டெஸ்ட் பேஜ் வருகிறது, உங்கள் கோப்பு மட்டும் வரவில்லை என்றால் பேப்பர் அளவைப் பாருங்கள். கணினியின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் பேப்பர் 'லெட்டர்' என்று அமைந்துவிடும். டிரேயில் இருப்பதோ ஏ4. பிரிண்டர் லெட்டர் தாளுக்காகக் காத்திருக்கக்கூடும். பிரிண்டர் அமைப்பில் ஒரு தரம் ஏ4 என்று மாற்றுங்கள், லிப்ரே ஆபீஸ் கோப்பின் பக்க அளவையும் பாருங்கள். ஃபில்டரோடு இதற்குச் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பலர் இதற்காகவே டிரைவரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

புதுப் பிரிண்டர் வாங்கும் யோசனை இருந்தால், பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 2010இல் வந்த அந்த முறையைக் கப்ஸ் நேரடியாகப் புரிந்துகொள்ளும். அதற்கென்று தனி டிரைவர், பிளகின் எதுவும் தேடி அலைய வேண்டாம். 1020 நன்றாக உழைக்கும்போது அதைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எல்லாம் செய்தும் வரவில்லையென்றால், கப்ஸ் பக்கத்தின் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் டீபக்கிங் (debugging, கோளாறு கண்டறிய உதவும்) தகவல்களைச் சேமிக்கும் தேர்வை டிக் செய்துவிட்டு, இன்னொரு பிரிண்ட் கொடுங்கள். பிறகு எரர் லாக்கின் (கப்ஸ் எழுதி வைக்கும் பிழைப் பதிவு) கடைசி 50 வரிகளையும் எல்எஸ்யூஎஸ்பி காட்டுவதையும் இந்தப் பதிலுக்குக் கீழே ஒட்டுங்கள். எந்த ஃபில்டர் எந்த இடத்தில் விழுந்தது என்று அதில் தெரியும், அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.